ஓடுபாதையில் கொள்ளு

எங்கள் காட்டுக்கும் விமானத் தளத்துக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி மேட்டுக்காடு, ஓட்டு வீடு, இரண்டு எருமை, என் மாமியார். அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் காங்கிரீட். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன தளம் அது. அவன் போன பிறகு முப்பது வருஷம் ஆட்டைத் தவிர அதில் யாரும் ஓடவில்லை. ஊர்க்காரர்கள் அதற்குப் பெரிய களம் என்று பேர் வைத்து, சோளம், ராகி, மிளகாய், மரவள்ளிக் கிழங்குச் சீவல் எல்லாவற்றையும் அதில்தான் காயப் போட்டார்கள். மல்லசமுத்திரத்தைச் சுற்றி எத்தனையோ களம் உண்டு. ஒரு கல் தூரத்துக்கு மண் ஒட்டாத களம் எங்கள் ஊருக்கு மட்டும்தான் இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் முதலில் சொன்னது அந்தக் களத்தைப் பற்றித்தான். மகனைப் பற்றிச் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் அரசாங்கத்துக்குத் திடீரென்று அந்தத் தளத்தின் ஞாபகம் வந்தது. வெடிப்பை அடைத்தார்கள். கேட் போட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட, ஒரு கம்பத்தில் ஆரஞ்சு நிறத் துணிப்பை ஒன்றைக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒற்றைக்கால் பைஜாமாவைத் துவைத்துக் காயப் போட்ட மாதிரி இருக்கும். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை மெட்ராஸிலிருந்து ஒரு சின்ன விமானம் வரும். அதிகாரிகள் இறங்கி ஜீப்பில் ஏறி மேட்டூருக்கோ ஜேடர்பாளையத்துக்கோ அணை பார்க்கப் போவார்கள். சாயங்காலம் வந்து ஏறிப் போய்விடுவார்கள்.

தளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆபீசரும் ஒரு வாட்ச்மேனும் வந்தார்கள். வாட்ச்மேன் திருச்செங்கோட்டுக்காரர், வயதானவர். எல்லாச் சாவியையும் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு நடப்பார்; அவர் வருவது ஜல் ஜல் என்று முன்னாலேயே தெரியும். ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். முப்பது வயதுகூட இருக்காது. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஸ்கூட்டரில் வந்து போவார். வெள்ளைப் பேண்ட்தான் போடுவார். எங்கள் செம்மண் புழுதி மதியத்துக்குள் அதைக் காவியாக்கிவிடும். காலையில் ஆபீசர், சாயங்காலம் சாமியார் என்று நாங்கள் பெண்கள் பேசிக்கொள்வோம்.

அவருக்கு இரண்டு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விமானம் இறங்கும்போது தரையில் ஒரு கூழாங்கல்கூட இருக்கக் கூடாது என்பது ஒன்று. சும்மா கிடக்கிற இடத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. ஆளும் வரக் கூடாது, வியாபாரமும் நடக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டிய புண்ணியவான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலில் கேட்டுக்கு வெளியே கடை வைக்க இடம் விட்டார். எடுத்தவர் கறிக்கடைக்காரர். ஒரே வாரத்தில் ராசிபுரம் வரைக்கும் இருந்த பருந்தெல்லாம் தளத்துக்கு மேலே வந்து வட்டமடித்தது. விமானத்தின் விசிறியில் ஒரு பருந்து மாட்டினால் போதும், எல்லோரும் காலி என்று ஆபீசர் அழாத குறையாகச் சொல்லிக் கடையை எடுக்க வைத்தார். அடுத்தபடியாக, விமானம் வராத நாட்களில் லாரி ஓட்டிப் பழக ஓடுபாதையை வாடகைக்கு விட்டார். எங்கள் பக்கத்து ஆண்கள் நடக்கப் பழகுவதற்கு முன்னால் லாரி ஓட்டப் பழகுகிறவர்கள், கூட்டம் குவிந்தது. மூன்றாம் நாள் ஒருத்தர், அத்தனை அகலமான இடத்தில் நின்ற ஒரே ஒரு கம்பத்தைத் தேடிப் போய் மோதினார். பைஜாமா சாய்ந்தது. அந்த வியாபாரமும் சாய்ந்தது.

மிச்சம் இருந்தது புல்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் காட்டில் கொள்ளு மட்டும்தான் தலை தூக்கியது. எருமைக்குப் போட வைக்கோல் கிடையாது. என் வீட்டுக்காரர் பம்பாய் லைனில் லாரி டிரைவர். மாதத்துக்கு ஒரு தடவை வந்து சாப்பிட்டு, எருமையை விற்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போவார். ஓர் எருமை கறந்துகொண்டிருந்தது, இன்னொன்று நிறை சினை. அந்தப் பாலில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சந்தைக்கு எருமையை ஓட்டிப் போனவர்கள் எல்லோரும் அதை அடிமாட்டுக்கு விட்டுவிட்டு வெறும் கயிற்றோடு திரும்பி வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும், ஓடுபாதையில் விழுந்த கொஞ்சநஞ்ச மழையும் இரண்டு ஓரத்துக்கும் வழிந்து, இடுப்பளவு புல் நின்றது. என் எருமை இரண்டும் நாள் முழுக்க அந்த வேலியைப் பார்த்தபடியே நிற்கும். என்னால் அதுகள் முகத்தைப் பார்க்க முடியாது.

புல் ஏலத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்கள் வந்தார்கள். ஆபீசர் நிபந்தனையைப் படித்தார்.

"புல்லு எடுக்கிறவங்கதான் தரையையும் பார்த்துக்கணும். விமானம் வர்றதுக்கு முன்னாடி ஓடுபாதை முழுக்க நடந்து, கல்லு, குச்சி, ஆடு, நாய் எல்லாத்தையும் அப்புறப்படுத்தணும். ஊர்க்காரங்க யாரும் உள்ளே எதையும் காயப் போடாம பார்த்துக்கணும். விமானம் வர்றப்ப ஓடுபாதையில ஏதாவது கிடந்தா அன்னிக்கே குத்தகை ரத்து."

"ஊருச் சனத்தோட சண்டை கட்டீட்டுப் புல்லு அறுக்கோணுமுங்களா?" என்றார் ஒருத்தர். "அதுக்கு எருமைய வித்துப்போட்டு நிம்மதியா இருக்கலாமுங்க."

ஒவ்வொருத்தராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன்.

"நீங்க ஏம்மா நிக்கறீங்க?"

"ஏனுங்க, சொந்தக்காரங்களோட சண்டை எனக்குப் புதுசுங்களா? இத்தனை நாளும் சும்மா போட்டுட்டு இருந்தேன். இனிமே புல்லுக்குப் போடறேனுங்க."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பேனாவை மூடித் திறந்தார்.

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"மூணாங்கிளாஸ் வரைக்கும் போனேனுங்க. பெருக்கல் கணக்கு வந்துது, நான் வந்துட்டேன்."

இப்படித்தான் புல் எனக்கு வந்தது.

ஆபீசர் எனக்குத் தரை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். கொடுத்தவரைவிட நான் நன்றாகப் பார்த்தேன் என்று சொன்னால் தற்பெருமை என்பீர்கள், இருக்கட்டும். தரையைக் குனிந்து பார்க்கக் கூடாது, சாய்ந்த வெயிலில் ஓரமாக நின்று பார்க்க வேண்டும், அப்போது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழல் விழும் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். ராகியில் கல் பொறுக்கிய கண். அவருக்கு அது புத்தகத்தில் இல்லையாம்.

ஆபீஸ் அறையில் மேஜை மேல் ஒரு பெட்டி இருந்தது.

"இது ரேடியோ. இதுல விமானத்தோட பேசலாம்" என்றார்.

"பேசுங்க, கேக்கலாம்."

"ரிப்பேர்ல இருக்கும்மா. எழுதிப் போட்டிருக்கேன்."

"அப்ப எப்படிங்க சொல்றது, வராதேன்னு?"

ஒரு பச்சைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நீளமான இரண்டு வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. ஓடுபாதைத் தலைமாட்டில் இரண்டையும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே விரித்தால், இங்கே இறங்காதே என்று விமானிக்கு அர்த்தமாம். எந்த ஊர் விமானிக்கும் அது புரியுமாம். பெருக்கல் என்னை விடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரோடு சண்டை போடுவது லேசாகவே இருந்தது. ஆட்டுக்காரர்களுக்கு ஓரத்துப் புல்லில் தினம் ஒரு கட்டு கொடுத்தேன். ஆடு வருவது நின்றது. மிளகாய் காயப் போட்டவர்களிடம், ஏரோப்ளான் காற்றில் மிளகாயெல்லாம் பறந்து அடுத்த ஊர்க்காரன் குழம்பில் விழும் என்றேன், அதுவும் நின்றது. நிற்காதது என் மாமியார் ஒருத்தர்தான்.

எங்கள் பக்கத்தில் கொள்ளை யாரும் கோலால் அடித்துக் கஷ்டப்படுவதில்லை. கொடியோடு பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். போகிற லாரியும் பஸ்ஸும் அதன் மேலே ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் மணி தனியாக, பொட்டு என்று நாங்கள் சொல்லும் உமி தனியாக உதிர்த்துவிடும். நாங்கள் கூட்டி அள்ளிக்கொண்டு வருவோம். என் மாமியாருக்கு இதில் ஒரு குறை உண்டு.

"ரோட்டுல போற லாரிக்காரன் நாம பரப்புனதப் பாத்தா ஒதுங்கீட்டுப் போயிர்றான் அம்மிணி. உம்பட புருசனே அப்படித்தான் ஓட்டுவான். ஏரோப்ளான் அப்படியில்ல. நானும் நாலு மாசமாப் பாக்கறேன். அத்தனை பெரிய எடத்துல எப்பவும் அதே எடத்துலதான் கால் வெக்குது. சக்கரத்துத் தடம் கருப்பா உழுந்திருக்குது பாரு."

"ஏனுங்கத்தை, வானத்துல வாரதுக்கு நம்ம கொள்ளு மிதிக்கறதுதான் வேலைங்களா?"

"வந்தது வருது, போறது போகுது. நடுவுல ஒரு மிதி மிதிச்சுட்டுப் போனா அதுக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"அத்தை, உங்க கொள்ளு ஒரு கொடி அந்தப் பக்கம் கெடந்தாலும் புல்லு போயிருமுங்க. எருமைய அடிமாட்டுக்குத்தான் ஓட்டோணும். சொல்லிப்போட்டேன்."

அவர் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்தார். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டார் என்று நான் நினைத்தது தப்பு. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. தளத்துக்குள் வெளியாட்களை விடலாமா கூடாதா என்று பார்த்து முடிவு செய்ய ஒரு பெரிய ஆபீசர் வியாழக்கிழமை விமானத்தில் வருகிறாராம். ஆபீசர் கடிதத்தை எனக்குப் படித்துச் சொன்னார்.

"அவர் கூடாதுன்னு எழுதிட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. கேட்டைப் பூட்டிடுவாங்க. புல்லு காஞ்சு போனாலும் காஞ்சதுதான்."

"சரின்னு எழுதுவாருங்களா?"

"இதுக்கு முன்னாடி மூணு தளத்துக்குப் போயிருக்காராம். மூணு இடத்துலயும் பூட்டிட்டு வந்திருக்கார்."

நான் வீட்டுக்கு வந்து இதை மாமியாரிடம் சொன்னேன். அவர் காதில் விழுந்தது வியாழக்கிழமை ஏரோப்ளான் வருகிறது என்பது மட்டும்தான்.

புதன்கிழமை காலை நான் தளத்தின் கிழக்குக் கோடியில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். அன்று சந்தை, வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு சந்தைக்குப் போயிருந்தார். பத்து மணி இருக்கும். ஆபீசர் ஸ்கூட்டரை ஓடுபாதை மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். அவரே அதை யாரையும் செய்ய விடமாட்டார்.

"அவர் இன்னிக்கே வர்றாராம்மா. இப்பத்தான் டிரங்க் கால் வந்துது. மெட்ராஸ்ல கிளம்பி முக்கால் மணி நேரம் ஆச்சு."

"வரட்டுங்க. காலையிலதான் முழுக்க நடந்தேன். ஒரு துரும்பு இல்லீங்க."

"மேற்குக் கோடியில என்னமோ பழுப்பும் மஞ்சளுமாக் கிடக்கே?"

அரிவாளைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வேறு ஆம்பிளை வண்டியில் உட்கார்ந்தது அன்றுதான் முதலும் கடைசியும். ஊர் பார்த்ததா என்று நான் பார்க்கவில்லை.

மேற்குக் கோடியில், சக்கரம் பதிகிற கருப்புத் தடத்தின் மேலே, அச்சு பிசகாமல், எங்கள் காட்டுக் கொள்ளு மூன்று வண்டி பரப்பியிருந்தது. நான் கிழக்கே குனிந்திருந்த நேரத்தில் வேலிச் சந்து வழியாகச் சுமந்து வந்திருக்கிறார்கள். என் மாமியாரும் அவர் சேர்த்துக்கொண்ட பத்துப் பன்னிரண்டு பெண்களும் சுற்றி நின்று, கோலத்தைப் பார்க்கிற மாதிரி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகக் காய்ந்த கொடி. பாதி மணி அதற்குள் உதிர்ந்து காங்கிரீட்டில் உருண்டுகொண்டிருந்தது.

"என்னங்கத்தை இது?"

"நாளைக்குத்தானே வாரான்? இன்னைக்கு ஒரு வெய்யில் காஞ்சா நாளைக்கு நல்லா உதுருமுன்னு போட்டோம்."

"இன்னைக்கே வாரானுங்க."

என் மாமியார் ஒரு கொடியை எடுத்து நெரித்துப் பார்த்தார். "அதும் நல்லதுதான். காஞ்சுதான் இருக்குது" என்றார்.

ஆபீசர் கொடியை இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்துவிட்டார். அள்ளியதை எங்கே போடுவது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "எல்லாரும் அள்ளுங்கம்மா. பத்து நிமிஷத்துல பெருக்கிடலாம்."

அப்போதே வடகிழக்கே சத்தம் கேட்டது. முதலில் தேனீ மாதிரி; பிறகு மாவு மில் மாதிரி.

"குறி போட்றலாமுங்க" என்றேன்.

"பெட்டிச் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லாம, குறி போட்டா அவர் கண்ணால பார்த்த மாதிரி ஆயிடும். ஓடுபாதையில தடங்கல் இருந்துதுன்னு எழுதிடுவார். உன் புல்லு போச்சு. என்னையும் எங்கேயாவது தூக்கிப் போட்டுடுவாங்க. போடாம இருந்தா, ஒருவேளை அதுக்குள்ள பெருக்கிடலாம்."

ஒருவேளை என்ற அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. திருச்செங்கோட்டு ரோட்டில் பரப்பிய கொள்ளில் ஸ்கூட்டர் வழுக்கி, ஒரு ஆள் ரோட்டிலிருந்து கிணற்று மேடு வரைக்கும் உட்கார்ந்தபடியே போனதை நான் பார்த்திருக்கிறேன். களத்தில் கொள்ளு மேல் கால் வைத்து நானே விழுந்து மூன்று வாரம் குப்புறப் படுத்திருக்கிறேன். கொடியை அள்ளிவிடலாம். உதிர்ந்த மணியைக் கூட்ட இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். என் எருமை இரண்டையும் நினைத்தேன். விமானத்தில் இருப்பவர்களுக்கு எருமை இல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது இருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

வேலியில் இரண்டு வெள்ளைச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. மாமனார் போன நாளிலிருந்து என் மாமியார் வெள்ளைதான் கட்டுவார், பதினாறு முழம். தளத்து வேலியில் துணி காயப் போடக் கூடாது என்று ஆபீசர் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். நான் ஓடிப்போய் இரண்டையும் உருவினேன்.

"ஏம்புள்ள, அது என்ற சீலை."

"தெரியுமுங்க."

"எங்க கொண்டுட்டுப் போறே?"

"ஏரோப்ளானுக்குக் கட்டி உடறதுக்கு."

ஓடுபாதைத் தலைமாட்டில் ஒன்றை இந்த மூலைக்கும் ஒன்றை அந்த மூலைக்குமாக விரித்தேன். காற்று தூக்கியது. கல் வைக்கலாம் என்றால், அந்தத் தரையில் கல் ஏது. நான்தான் ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டேனே. கொள்ளுக் கொடியையே கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து நான்கு முனையிலும் நடுவிலும் பாரம் வைத்தேன். ஆபீசர் கொடியை அணைத்தபடி நின்று பார்த்தார். பிறகு வந்து ஒரு முனையை இழுத்து நேராக்கினார். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

விமானம் புளியமரத்து உயரத்துக்கு இறங்கி வந்தது. எல்லோரும் புல்லில் ஓடிப் படுத்தோம். என் மாமியார் மட்டும் படுக்கவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று பார்த்தார். சத்தம் மாறியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே ஏறி வடக்கே வளைந்து போனது.

"பாத்துப்போட்டான்" என்றார் ஒரு பெண்.

"சீலையப் பாக்காம? போன தைக்கு எடுத்ததாச்சே" என்றார் மாமியார்.

அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்த வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். ஆளுக்கு ஒரு சீமாறு கொண்டுவந்தோம். சீமாறு இல்லாதவர்கள் வேப்பங்கொத்தை ஒடித்தார்கள். ஒரு கூட்டம் கொடியை அள்ளி வேலி தாண்டி எங்கள் காட்டில் வீசியது. ஒரு கூட்டம் வரிசையாகக் குனிந்து கூட்டிக்கொண்டே போனது. என் மாமியார் கூட்டினதை முறத்தில் வாரிக்கொண்டே பின்னால் வந்தார்.

"மெதுவாக் கூட்டு சாமி, மணி செதறுது."

"அத்தை, மேல ஆளுங்க சுத்தீட்டு இருக்காங்க."

"சுத்தட்டும். அவங்க என்ன நடந்தா சுத்தறாங்க? உக்காந்துட்டுத்தானே?"

ஆபீசரும் ஒரு சீமாறை வாங்கிக் கூட்டினார். எங்கள் வரிசைக்கு எதிர்த்திசையில் கூட்டி, கூட்டின குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். "சாமி, நீங்க அக்கட்டால போயி நில்லுங்க, அதே பெரிய ஒத்தாசை" என்று ஒரு பெண் சொன்னார். விமானம் நான்கு சுற்றுச் சுற்றியது. ஐந்தாவது சுற்றில், நான் வெயிலுக்கு எதிரே ஓரமாக நின்று நிழல் பார்த்தேன். ஒரு மணிக்கும் நிழல் இல்லை. கையை ஆட்டினேன். இரண்டு பெண்கள் சீலையை உருவிக்கொண்டு ஓடினார்கள்.

விமானம் இறங்கியது. கருப்புத் தடத்தில் அச்சாகக் கால் வைத்தது.

"பாத்தியா" என்றார் மாமியார் என் காதில். "நாஞ் சொன்னனா இல்லியா? அதே எடம்."

விமானம் கோடி வரைக்கும் ஓடித் திரும்பி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது, பெரிய ஆபீசர் இறங்கினார். நரைத்த மீசை, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. முன்னாள் விமானியாம், பிற்பாடு தெரிந்தது. நாங்கள் பதின்மூன்று பேரும் சீமாறோடு ஓரமாக நின்றோம். எங்கள் நடுவில் வேப்பிலையும் பொட்டுமாக எங்கள் ஆபீசர். பெரியவர் எங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு குனிந்து, தன் பூட்ஸ் பக்கத்தில் கிடந்த எதையோ எடுத்தார். நான் விட்ட ஒரே மணி.

"இது என்ன?"

எங்கள் ஆபீசர் சீமாறை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். என் மாமியார் முன்னால் வந்தார்.

"கொள்ளுங்க. எங்க காட்டுதுங்க. நாந்தான் பரப்புனேன். நீங்க நாளைக்கு வாரீங்கன்னாங்க. சொன்ன நாளுக்கு வந்திருந்தா இத்தனை தொல்லை இல்லீங்க."

"எதுக்கு இங்கே பரப்புனீங்க?"

"உங்க வண்டி மிதிக்கறதுக்குத்தானுங்க."

பெரியவர் அந்த மணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். எனக்குள்ளே எருமைக் கயிறு அவிழ்கிற மாதிரி இருந்தது.

"குறி போட்டது யாரு?"

எங்கள் ஆபீசர் என்னைக் கைகாட்டினார். "இவங்கதான் சார். புல்லுக் குத்தகைக்காரங்க. நான் வேண்டாம்னேன்." அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னார்.

"ஏன் போட்டீங்க?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். "போட்டா குத்தகை போகும்னு தெரியாதா?"

"தெரியுமுங்க. போடாட்டி நீங்க போயிருவீங்களே."

அவர் விமானத்தைத் திரும்பிப் பார்த்தார். விமானி சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரில் ஒட்டியிருந்த பொட்டை ஊதிக்கொண்டிருந்தார்.

"மேலே இருந்து பார்த்தப்ப எனக்குக் கொள்ளு தெரியலை" என்றார் பெரியவர், எங்கள் ஆபீசரிடம். "காஞ்ச புல்லு மாதிரிதான் இருந்துது. இறங்கியிருப்போம். அந்தக் குறி மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. இத்தனை வெள்ளையா எந்தத் தளத்துலயும் நான் பார்த்ததில்லை. எங்கே வாங்கின துணி?"

"நீலம் போட்டதுங்க" என்றார் என் மாமியார். "நானே தொவைச்சது."

அப்போதுதான் அவர் சிரித்தார். மீசை மட்டும் அசைந்தது. ரேடியோ எத்தனை மாதமாகக் கெட்டிருக்கிறது, குறித் துணிப் பெட்டியைப் பூட்டி வைக்கச் சொன்னது யார் என்று எங்கள் ஆபீசரை வரிசையாகக் கேட்டார். ஆபீசர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல அவருடைய வெள்ளைப் பேண்ட் மதியத்துக்கு முன்னாலேயே காவியாகிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு ஓடுபாதை நெடுக நடந்தார். நானும் கூட நடந்தேன். சாய்ந்த வெயிலில் நிழல் பார்க்கிற வித்தையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓடுபாதைக்குத் தெற்கே, யுத்த காலத்தில் விமானங்களை நிறுத்திவைத்த ஒரு பழைய காங்கிரீட் திட்டு முள் மண்டிக் கிடந்தது. அங்கே நின்றார்.

"இது யாருக்கும் பயன்படலையா?"

"பாம்புக்குங்க" என்றேன்.

திரும்பி வந்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதியதை எங்கள் ஆபீசர் எல்லோருக்கும் கேட்கப் படித்தார். ஊர்க்காரர்கள் தெற்குத் திட்டில் வேலி போட்டுக்கொண்டு, ஆபீஸில் சொல்லிவிட்டு, காயப் போட்டுக்கொள்ளலாம். ஓடுபாதையில் ஓர் இலையும் போடக் கூடாது. குறித் துணி பூட்டாமல் வெளியில் இருக்க வேண்டும். புல் குத்தகை இப்போது வைத்திருப்பவரிடமே இருக்க வேண்டும். தரை சுத்தமாக இருக்கிறதா என்று சொல்லும் பொறுப்பும் அவருக்கே. அவர் குறி போட்டால் ஏன் என்று யாரும் தடுக்கக் கூடாது.

என் மாமியார் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தத் திட்டுல ஏரோப்ளான் ஓடாதுங்களே" என்றார். "அப்ப யாரு மிதிக்கறது?"

"அத்தை, சும்மா இருங்க."

"கேட்டா என்ன தப்பு?"

பெரியவர் விமானத்தில் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பிச்சோம்மா. ரெண்டு பேரும். நீ ஊட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கு வந்து புல்லு அறுத்துக்கோ."

எங்கள் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. வீடு என்பதற்கு ஊடு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நாளைக்கா? எருமை இன்னைக்கும் திங்குமுங்களே" என்று சொல்லிவிட்டு, அரிவாளைப் போட்ட கிழக்குக் கோடிக்கு ஓடுபாதையின் நட்டநடுவில் நடந்தே போனேன்.